செல்லசாமி அளவு

அத்தியாயம் 11

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பனும் மகனும் மூன்று வாரம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. அதுவும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். படுக்க ஒரு காம்பிராவும் சமைக்க ஒரு குசினியும் உள்ள இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமென்றால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். செல்லசாமி சுவரைப் பார்த்தார். பிரதாப் வாசலைப் பார்த்தான். ராசம்மா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள லோகன்வில் தேயிலைத் தோட்டத்தில் பிரதாப் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். இந்த 2003 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், கொழுந்து மூட்டைகளையும் அவற்றின் மேல் ஏழு பெண்களையும் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு இறங்கி வந்தபோது, சவுக்குமர வளைவில் லொறி ரோட்டோர வடிகாலான கானுக்குள் கவிழ்ந்தது. ஆறு பேர் சிராய்ப்போடு தப்பினார்கள். பக்கத்து லயத்து அம்மாக்கண்ணு மட்டும் இடுப்பெலும்பு முறிந்து, இன்னமும் கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

எஞ்சின் தானாக நின்றது, ஸ்டியரிங் இறுகியது, பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது என்றான் பிரதாப். ஒருவரும் நம்பவில்லை. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு லொறியைச் சும்மா உருளவிட்டு டீசல் மிச்சம் பிடிப்பது மலைநாட்டு டிரைவர்மாரின் பழைய வித்தை. எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பலம் இழந்துவிடும். அதைத்தான் இவனும் செய்திருப்பான் என்று தோட்டமே முடிவுகட்டிவிட்டது.

தங்கை வினோதா மட்டும் நம்பினாள். அவள் அட்டன் டவுனில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறாள். கடைக்கு வந்த டிரைவர்மாரை விடாமல் கேட்டுக் கேட்டு, இதே புது மாதிரி லொறி இறம்பொடையிலும் கந்தப்பளையிலும் மஸ்கெலியாப் பக்கமும் இறக்கத்தில் நின்றுபோன கதைகள் ஐந்தைச் சேர்த்தாள். லொறியை இறக்குமதி செய்த கொழும்புக் கம்பனிக்குக் கடிதம் போட்டாள். எஞ்சினியர் ஒருவரை அனுப்புவதாகப் பதில் வந்தது. அவர் வரும் நாளும் பிரதாப்பைத் தோட்ட நிர்வாகம் விசாரிக்கும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்த நாள்தான் இன்று, வெள்ளிக்கிழமை.

"மலையில ஒருத்தியும் எம் பக்கத்து நெரையில நிக்க மாட்டேங்குறா," என்றாள் ராசம்மா, ரொட்டியைப் புரட்டிக்கொண்டே. "மூணு வாரமா ஒத்தையா கொழுந்து எடுக்கிறேன். இன்னைக்காவது ஒரு முடிவு வரட்டும் சாமி."

வினோதா அவள் பேச்சைக் கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா நேற்று கொண்டுவந்து கொடுத்த பொலிஸ் வாக்குமூலத்தின் பிரதியை வாசித்துக்கொண்டிருந்தாள். சிங்களத்தில் எழுதியிருந்தது. கடையில் பாதிப் பேர் சிங்களவர்கள் என்பதால் அவளுக்கு எழுத்தும் பேச்சும் தண்ணீர்பட்ட பாடு.

"அண்ணே, பொலிஸ்ல நீ என்னா சொன்னே?"

"எத்தன வாட்டி கேப்ப? எஞ்சின் நின்னுருச்சுன்னு சொன்னேன்."

"சிங்களத்துல எப்பிடிச் சொன்னியோ, அப்பிடியே சொல்லு."

"இஞ்ஜிம நெவெத்துவா."

வினோதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நெவெத்துவான்னா, நான் நிப்பாட்டினேன்னு அர்த்தம்ணே. தானா நின்னுச்சுன்னு சொல்லணும்னா நெவதுணான்னு சொல்லணும். நீயே நிப்பாட்டினதா எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்காங்க."

பிரதாப் இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் காதால் கேட்டுப் பழகிய சிங்களம் அவனுடையது. வழி கேட்கவும் சாமான் வாங்கவும் அது போதும். பொலிஸ் மேசைக்கு முன்னால் போதவில்லை. வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டிருக்கிறார்கள். சரி என்று இவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"வார்த்தைய மாத்திப் போட்டா கவுந்த லொறி நிமுந்துருமா?" என்றார் செல்லசாமி. சுவரிடம்தான் சொன்னார். "இருவத்தெட்டு வருசம் இதே ரோட்டுல லொறி ஓட்டினவன் நானு. ஓடுற எஞ்சின் எறக்கத்துல தானா நிக்காது."

பிரதாப் குடிக்காத தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "கேட்டியாம்மா. ஊரு பேசுறது இருக்கட்டும். பெத்த அப்பனே இதத்தான் சொல்றாரு."

அவன் வெளியே போன பிறகு ராசம்மா கணவனைப் பார்த்தாள். "ஏங்க, அவன் பொய் பேசுற புள்ளையா?"

செல்லசாமி மறுபடியும் சுவரைப் பார்த்தார். மகன் பொய் சொல்கிறான் என்று அவர் அவ்வளவு உறுதியாக நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. நாமும் கொஞ்சம் பொறுப்போம். மனுஷன் மத்தியானத்துக்குள் தானே சொல்லிவிடுவார்.

*

விசாரணை ஒன்பது மணிக்குத் தோட்ட ஒப்பீசில் தொடங்கியது.

தோட்ட மனேஜரான பெரிய தொரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். 'நீங்க' என்ற சொல் மட்டும் வராது. மேசைக்கு இந்தப் பக்கம் வீரய்யாவும் பிரதாப்பும் நின்றார்கள். ஓரத்து நாற்காலியில் கொழும்பு எஞ்சினியர் சுகிர்தன் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். குளிருக்குப் பயந்து காதுவரை மப்ளர் சுற்றியிருந்தார். தோட்டத்துப் பேச்சு அவருக்குப் பாதிதான் புரிந்தது. அவர் பேச்சு தோட்டத்துக்கு அதில் பாதிதான் புரிந்தது. ஆகவே வினோதாவையும் பக்கத்தில் நிற்க விட்டிருந்தார்கள்.

வினோதா அந்த இரண்டு சிங்களச் சொற்களையும் எடுத்துச் சொன்னாள். தொரை சிங்களவர்தான். வித்தியாசம் அவருக்குப் புரியாமல் இல்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு சற்று யோசித்தார்.

"சரி, சொல்லுல பிழை வரும். அத விடுறேன். லொறியில என்ன பிழை? மறுநாள் காலையில ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சு. கராஜ்ல பாத்தாங்க. பிரேக் நல்லது, எஞ்சின் நல்லது. நல்ல லொறி ஏன் நிக்குது, பிரதாப்? அதுக்குப் பதில் சொல்லு."

பிரதாப் எஞ்சினியரைப் பார்த்தான். வீரய்யா தொண்டையைக் கனைத்தார். அவரும் எஞ்சினியரைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு நான் முடிவு எழுதணும்," என்றார் தொரை. "எஞ்சினியர் மஹத்தயா, லொறி இருக்கு, ரோடு இருக்கு. அதுக்குள்ள காட்டினா நல்லது."

அந்த முடிவு என்ன என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். குற்றவாளி என்று எழுதினால் வேலை அன்றைக்கே போகும். அந்தக் கடிதம் பொலிஸுக்குப் போகும். பிறகு லைசென்ஸ் போகும், வழக்கு வரும். இருபத்தேழு வயதில் பிரதாப்புக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

கவிழ்ந்த லொறி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கித்தானால் மூடிக் கிடந்தது. உடம்பெல்லாம் நசுங்கியிருந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனுஷன் ஓட்டப்போகிற லொறி என்று கிளாக்கர் டீசல் டேங்கியை வாய்வரை நிரப்பிவிட்டார். விருந்தாளிக்கு அரைக் கோப்பை தேத்தண்ணி கொடுக்கிற வழக்கம் தோட்டத்தில் இல்லையல்லவா. கொழுந்துக்குப் பதிலாகப் பின்னால் மண்மூட்டை ஏற்றினார்கள்.

சுகிர்தன் ஓட்டினார். பிரதாப் பக்கத்தில் இருந்தான். மேல் மலையிலிருந்து சவுக்குமர வளைவைத் தாண்டித் தொழிற்சாலை வரை ஐந்து தடவை ஏறி இறங்கினார்கள். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. வெண்ணெயில் கத்தி போன மாதிரி போய் வந்தது.

தொழிற்சாலை வாசலில் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன், "இனி என்னா, முடிஞ்சுது கத," என்றான். பிரதாப்புக்குக் காது கேட்காதா என்ன. இறங்கி வந்து வினோதாவிடம், "நீ போ கடைக்கு. எனக்காக லீவு போட்டது போதும்," என்றான். வினோதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தோற்றதாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

*

மத்தியானம் பன்னிரண்டரை. தொழிற்சாலைச் சுவரோரம் சுகிர்தன், அந்த ஐந்து கதைகளையும் எழுதி வைத்திருந்த வினோதாவின் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இதைப் பாருங்கோ. இறம்பொடையில மூண்டரை மணி. கந்தப்பளையில நாலு மணி. ஐஞ்சு லொறியும் பின்னேரம்தான் நிண்டிருக்கு. வெயில் சூடாக்கும் எண்டு நினைச்சன். ஆனா கந்தப்பளையில என்ன வெயில் இருக்கு?"

"நுவரெலியாக் குளிருங்க ஐயா அங்க. கம்பிளி இல்லாம இருக்க ஏலாது."

"அதுதான் பிரச்சினை. கொழும்பில, குருநாகலில இதே லொறி இருநூறு ஓடுது. ஒண்டும் நிக்கேல்லை. இந்தத் தோட்டங்களில மட்டும் ஏன்?"

"அஞ்சும் ஒரே கம்பனித் தோட்டங்க," என்றாள் வினோதா. "அதத் தவுத்து எனக்கு வேற ஒண்ணும் புரியல்ல."

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்திருந்த செல்லசாமி பத்தடி தள்ளி நின்றார். அவர் பார்வை லொறியின் டேங்கியில் இருந்தது. நிரம்பி வழிந்த டீசல் மூடியைச் சுற்றிக் கசிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கொழுந்து லொறியில் அவர் அந்தக் காட்சியைக் கண்டதில்லை.

ஏன் கண்டதில்லை என்பதுதான் விஷயம்.

இந்தத் தோட்டக் கம்பனியின் ஆறு தோட்டங்களிலும் கொழுந்து லொறிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு லீற்றர் டீசல்தான் அளந்து கொடுப்பார்கள். அதற்குப் பெயர் 'செல்லசாமி அளவு'. 94ஆம் ஆண்டு அப்போதிருந்த தொரை, டிரைவர்மாரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, மற்றவன் எல்லாம் பதினெட்டு லீற்றர் கேட்கிறான், செல்லசாமி பன்னிரண்டில் ஓட்டிக் காட்டுகிறான் என்று சொல்லி அத்தனை பேர் முன்னிலையிலும் கைலாகு கொடுத்துக் குலுக்கினார். அன்றிலிருந்து அதுவே சட்டம். ஓய்வுபெற்று மூன்று வருடமாகியும், காலையில் கிளாக்கர் "செல்லசாமி அளவு ஊத்து" என்று சொல்வது காதில் விழுந்தால் கிழவருக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரியும். தொரைமார் பெயரில் வளைவு உண்டு, பங்களா உண்டு. தொழிலாளி பெயரில் ஆறு தோட்டத்திலும் நடமாடுகிற ஒன்று இதுதான்.

எப்படி ஓட்டினார் என்று மட்டும் அந்தத் தொரை கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டித்தான் ஓட்டினார். ஒவ்வொரு இறக்கத்திலும், பெண்களை மேலே வைத்துக்கொண்டு. ஒன்றும் நடக்காமல் தப்பியது அவர் கெட்டித்தனம் அல்ல, அதிர்ஷ்டம். மகன் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தவருக்கு, அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி தன் மேலேயே உள்ளது என்பது தெரியவில்லை.

வாயைத் திறந்தால் பெயர் போகும். திறக்காவிட்டால் மகன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். செல்லசாமி கால் மணிநேரம் யோசித்தார். அந்தக் கால் மணிநேரத்துக்காக அவரை நான் பழிக்க மாட்டேன்.

பிறகு எஞ்சினியரிடம் வந்தார்.

"ஐயா, ஒரு விசயம். எங்க லொறிக டேங்கி நெறைஞ்சு ஒருநாளும் ஓடினதில்லீங்க."

சுகிர்தன் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்கள்?"

"காலையில பன்னெண்டு லீட்டருதான் ஊத்துவாங்க. புது லொறி கம்மியாத்தான் குடிக்கும். இருந்தாலும் அந்திக் கொழுந்துக்குப் போறப்ப டேங்கியில அடி தட்டும். இப்ப நீங்க ஓட்டினது டேங்கி நெறைய வச்சுக்கிட்டு. எங்க லொறி அப்பிடி இல்லீங்களே."

"மற்றத் தோட்டங்களிலையும் இதே அளவோ?"

"ஆமாங்க. எல்லாத்துலயும் எம் பேருலதான் அளக்குறாங்க." செல்லசாமி சொட்டுகிற டீசலைப் பார்த்தார். "அந்தப் பன்னெண்டு லீட்டரு நேர்மையா ஓட்டினா காணாதுங்க ஐயா. பழைய லொறிய நான் எறக்கத்துல எல்லாம் நிப்பாட்டி உருட்டிக்கிட்டு வந்தேன். தொரை மெச்சினாரேன்னு வாயைத் தொறக்கல்ல. பொய்யான அளவு அது."

பிரதாப் அங்கேதான் நின்றான். அவன் முகம் மாறியது.

"அதனாலதான் என்னைய நம்பல்லையா? நீங்க செஞ்சத நானும் செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்க."

"ஆமாப்பா," என்றார் செல்லசாமி. மூன்று வாரத்தில் அவனைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. பிரதாப் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னிக்கிற அளவுக்கு அவனுக்கு அப்போது மனம் வரவில்லை. வந்திருந்தால்தான் நமக்குச் சந்தேகம் வரவேண்டும்.

சுகிர்தனுக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை.

"இந்த லொறியில பம்ப் எங்க இருக்கு தெரியுமோ? டேங்கிக்குள்ள. கரண்டில ஓடுற பம்ப். அதைச் சுத்தி இருக்கிற டீசல்தான் அதைக் குளிர வைக்கிறது. டீசல் அடிக்குப் போனால் பம்ப் வெறுமனே நிண்டு சூடேறும். கொஞ்சம் சூடேறினால் ஒண்டும் ஆகக்கூடாது. ஆனா உள்ளுக்க உள்ள சில்லு..." பாதியில் நிறுத்தி, வினோதாவிடம் கொப்பியைத் திணித்தார். "டீசலை இறக்குங்கோ. நாலு லீற்றர் மட்டும் விடுங்கோ. கெதியா."

*

இந்தத் தடவை செல்லசாமியும் லொறியில் ஏறினார். வேண்டாம் என்றார் எஞ்சினியர். கிழவர் கேட்கவில்லை. டிரைவர் ஆசனத்தில் சுகிர்தன், கதவோரம் பிரதாப், நடுவில் அப்பன்.

முதல் இறக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மணி மூன்றாகிவிட்டது. மூன்றாவதில் சவுக்குமரங்கள் தெரிகிற இடத்துக்கு வந்தபோது எஞ்சின் நின்றது.

முன்னறிவிப்பு ஏதும் இல்லை. சத்தம் இருந்தது, பிறகு இல்லை. டயர் கல்லில் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லசாமிக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு வருடம் தன் கையால் உண்டாக்கிய அமைதி அது. அவர் சாவியைப் பார்த்தார். சாவி திருப்பியபடியே இருந்தது. எவர் கையும் அதன் கிட்டே இல்லை.

"கைப் பிரேக்," என்று கத்தினார் சுகிர்தன். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவரால் அதை எட்ட முடியவில்லை. பிரதாப் அப்பனுக்குக் குறுக்கே பாய்ந்து இழுத்தான். லொறி மேட்டுப் பக்கத்து மண்ணில் உரசி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

எஞ்சினியரின் மப்ளர் அவிழ்ந்து மடியில் கிடந்தது.

"எம் புள்ள நிப்பாட்டல்ல," என்றார் செல்லசாமி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு பிரதாப்பின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சுகிர்தன் அங்கேயே டேங்கியின் மேல்மூடியைத் திறந்து பம்பை வெளியே எடுத்தார். கைபட முடியாத சூடு. துணியால் பிடித்துப் பிரித்தார். உள்ளே ஒரு ரூபாய்க் குத்தி அளவில் பிளாஸ்டிக் சில்லு ஒன்று, டீசலைத் தள்ளுகிற சின்னச் சக்கரம், தன் கூட்டுக்குள் உப்பி, சுவரோடு சுவராக இறுகியிருந்தது. விரலால் தள்ளினார். அசையவில்லை.

"சூட்டில உப்புது," என்றார். "இப்பவே ஆறவிட்டால் திரும்பவும் சுத்தும். மறுநாள் காலமை ஸ்டார்ட் ஆனது அதாலதான். டீசல் குறைவா இருந்தது உண்மை. ஆனா அதுக்காக ஒரு பம்ப் இறுகலாமோ? இது பிழையான பிளாஸ்டிக். எங்கட கம்பனி வித்த பிழை. தம்பி, உங்களில ஒரு பிழையும் இல்லை."

வினோதாவை ஏற்றிக்கொண்டு தொரையின் ஜீப் கீழேயிருந்து வந்து சேர்ந்தது. சுகிர்தன் நடந்ததைச் சொல்ல, தொரை சில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், மனுஷன் மழுப்பவில்லை. விசாரணைத் தாளை ஜீப் மூக்கின் மேல் வைத்து, குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரதாப்பிடம், "நாளைக்கு வேலைக்கு வா," என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேல் மலையிலிருந்து தோட்டத்தின் இரண்டாவது லொறி வந்து, குறுக்கே கிடந்த லொறிக்குப் பின்னால் நின்றது. அதே மாதிரி லொறி, அதே வயது. கந்தப்பன் ஓட்டி வந்தான். அந்திக் கொழுந்து மூட்டைகளுக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரமாக ராசம்மாவோடு பேசாத பெண்கள். முன்னால் இருந்தவள் பூரணி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாக்கண்ணுவின் மகள்.

"அத ஓரத்துல தள்ளுங்க," என்றார் தொரை. "கந்தப்பன், நீ பாத்துப் போ. கொழுந்து வாடிரும். நாளையில இருந்து டேங்கி நெறைய ஊத்தச் சொல்றேன்."

"அதிலயும் இதே பம்ப்தான் இருக்கு," என்றார் சுகிர்தன். "இவ்வளவு நாள் சூட்டில கிடந்த சில்லு. டீசலை நிரப்பினாலும் நான் நம்ப மாட்டன். நாடு முழுக்க இந்த லொறி எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டு பம்பை மாத்த வேணும்."

"அப்ப எழுதிக் குடுங்க, ஓட்டக் கூடாதுன்னு."

சுகிர்தன் தயங்கினார். "அந்தக் கடிதம் கொழும்பில பெரியவர் கையெழுத்தோட வர வேணும். இண்டைக்கு வெள்ளி. திங்கட்கிழமைக்கு முதல் கிடையாது."

"கடிதம் இல்லாம நான் லொறிய நிப்பாட்டினா, வாடின கொழுந்துக்கு நான் பதில் சொல்லணும். கந்தப்பன், எடு."

சுகிர்தன் வினோதாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒப்பீஸ் போனில மற்ற ஐஞ்சு தோட்டத்துக்கும் சொல்லுங்கோ, லொறியை நிப்பாட்டச் சொல்லி. என்ர பேரைச் சொல்லுங்கோ. என்ர வேலை போனால் போகட்டும்."

வினோதா ஜீப்புக்காகக் காத்திருக்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். கந்தப்பளையில் அந்தி லொறி நாலு மணிக்குப் புறப்படும் என்பது அவள் கொப்பியிலேயே எழுதியிருந்தது. மணி நாலாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

கந்தப்பன் எஞ்சினை முடுக்கினான். பிரதாப் போய் அந்த லொறிக்கு முன்னால் நின்றான்.

"பிரதாப்," என்றார் தொரை. "இப்பதான் ஒரு கேஸ்ல இருந்து வெளிய வந்தே."

"இருக்கட்டுங்க தொரை. பொம்பளைங்க எறங்காம இந்த வண்டி போகாது."

பெண்கள் இறங்கவில்லை. இறங்கினால் தொழிற்சாலைக்கு இரண்டு மைல் நடை. மேலும், இவன் சொல்லி எதற்கு இறங்க வேண்டும் என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. பூரணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லசாமி மகனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எறங்குங்கம்மா," என்றார். "எம் மகன் அன்னைக்கு எஞ்சின நிப்பாட்டல்ல. அது தானா நின்னுச்சு. இப்ப நானே உள்ள இருந்து பாத்தேன். எறக்கத்துல நிப்பாட்டி ஓட்டினது அவன் இல்ல, நானு. ஒங்க அம்மாமாருங்க, சின்னம்மாமாருங்க எல்லாரையும் மேல வச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன். அப்பிடி மிச்சம் புடிச்ச டீசலத்தான் செல்லசாமி அளவுன்னு சொல்றாங்க. அந்த அளவால லொறியெல்லாம் காஞ்சு கெடந்து பம்பு சூடாயிருச்சு. லொறிக் கம்பனி பண்ணின தப்பு பெருசு. ஆனா எந் தப்பும் அதுல இருக்கு."

தன் பெயரைத் தானே இப்படிப் போட்டு உடைக்கிற மனுஷனை அந்தத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. செல்லசாமி லொறியின் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பூரணி அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே நீட்டினாள். பிரதாப் கை நீட்டி வாங்கிக்கொண்டான். அவள் சக்கரத்தில் கால் வைத்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கந்தப்பன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

பூரணி கூடையை வாங்கி நெற்றியில் மாட்டிக்கொண்டு செல்லசாமியின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்ககிட்ட சொன்னது சரி மாமா. எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் பிரதாப்பத்தான் திட்டிக்கிட்டு கெடக்கு. ஞாயித்துக்கெழம நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க. வந்து, அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு, இதே மாதிரி அம்மாகிட்ட சொல்லுங்க."

அம்மாக்கண்ணு இனி எழுந்து நடப்பாளா என்று டொக்டர்மார் இன்னும் சொல்லவில்லை. அது செல்லசாமிக்கும் தெரியும்.

"வர்றேன் தாயி" என்று சொல்ல அவர் இரண்டு தடவை வாய் திறக்க வேண்டியிருந்தது.